பழைய நீராவி ஹீட்டிங்: ரிட்டர்ன் பைப் அடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பாய்லர் ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் அடித்தளக் குழாய்களில் சம்மட்டி அடி போல டமால் டமால் என்று சத்தம். பாய்லரின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில், அதாவது லெவல் கிளாஸில், தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டே போய், கடைசியில் தண்ணீர் குறைந்தால் தானாக அணைக்கும் கருவியான குறைநீர் கட்-ஆஃப் பர்னரை நிறுத்திவிடுகிறது. தண்ணீர் குறைந்தால் தானே நிரப்பும் ஃபீடர் இருந்தால் அது தன் பங்குக்குத் தண்ணீரை ஏற்றிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி வாய்வரை நிரம்பி நிற்கிறது. இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம், ஆறித் தண்ணீரான நீராவியைப் பாய்லருக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் பைப்மேல்தான் விழ வேண்டும். தண்ணீர் எங்கேயும் காணாமல் போகவில்லை. வரவேண்டிய நேரத்துக்கு வராமல் வழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஒற்றைக் குழாய் அமைப்புக்கு, அதாவது ஒரே குழாய் நீராவியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் தண்ணீரையும் திருப்பி அனுப்பும் வகைக்கு. இரட்டைக் குழாய் அமைப்புக்கு மாறுபடும் இடங்களைப் பிற்பாடு பார்க்கலாம். பம்ப் இல்லாமல், தண்ணீர் தன் எடையாலேயே திரும்பும் அமைப்பு என்றே வைத்துக்கொள்கிறோம்.

தண்ணீரைத் தள்ளுவது எது?

பாய்லரிலிருந்து நீராவியைக் கொண்டுபோகும் பெரிய குழாயான மெயினின் கடைசியில், காற்றை வெளியேற்றும் ஏர் வென்ட்டைத் தாண்டி, ஒரு குழாய் செங்குத்தாகக் கீழே இறங்கும். அது தரையோரமாகப் பாய்லருக்குத் திரும்பும் குழாயில் சேரும். பாய்லரின் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் இந்தக் குழாய் எப்போதும் தண்ணீர் நிறைந்தே இருக்கும். ஈர ரிட்டர்ன் என்பது இதைத்தான். நீர்மட்டத்துக்கு மேலே, காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஓடும் குழாய் உலர் ரிட்டர்ன்.

மெயினின் கடைசியில் இருக்கும் அழுத்தம் பாய்லருக்குள் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு, ஏனென்றால் நீராவி போகும் வழியில் கொஞ்சத்தை இழக்கிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்குச் செங்குத்துக் குழாயில் தண்ணீர் எழும்பி நிற்கும். அந்த எடைதான் தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளுகிறது. 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் என்பது சுமார் 28 அங்குலம், அதாவது 70 செ.மீ. உயரத் தண்ணீர். 1 அவுன்ஸ் அழுத்தம் (அதில் பதினாறில் ஒரு பங்கு) என்றால் ஒன்றேமுக்கால் அங்குலம். பாய்லர் நீர்மட்டத்துக்கும் மெயினின் தாழ்ந்த முனைக்கும் இடையே 28 அங்குலமாவது இருக்க வேண்டும் என்ற பழைய விதி தண்ணீர் எழும்பி நிற்க இடம் விடுவதற்குத்தான். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த அடைப்பைத் தள்ளவும் கூடுதல் உயரம் வேண்டும். அப்போது தண்ணீர் மெயினுக்குள்ளேயே ஏறிவிடும். வேகமாக வரும் நீராவி அதைச் சுருட்டி எறிவதுதான் நாம் கேட்கும் சத்தம்.

அழுத்தத்தைக் கூட்டினால் அடைப்பு போய்விடும் என்று பலர் கட்டுப்பாட்டுத் திருகைத் திருகிப் பார்ப்பார்கள். போகாது. கூட்டிய அழுத்தம் ரிட்டர்னின் இரு முனையிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மிஞ்சுவது கூடுதல் சத்தமும் கூடுதல் எரிபொருள் செலவும்தான். இத்தகைய வீட்டு அமைப்புக்கு அரை பிஎஸ்ஐயில் தொடங்கி ஒன்றரையில் நிறுத்துவது தாராளம்.

இன்னொரு கணக்கு. ரேடியேட்டரின் ஒவ்வொரு சதுர அடி மதிப்பும் (தரைப் பரப்பு அல்ல, வெப்பம் தரும் பரப்பின் கணக்கு) மணிக்குச் சுமார் கால் பவுண்டு நீராவியைத் தண்ணீராக்கும். 400 சதுர அடி ரேடியேட்டர் உள்ள வீட்டில் மணிக்கு 100 பவுண்டு, அதாவது 45 லிட்டர். நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்தான். இந்தச் சின்ன ஓட்டத்துக்குப் பென்சில் தடிமனுள்ள துளையே போதும். ஆக, அடைப்பின் அறிகுறி தெரியும்போது ஒன்றேகால் அங்குலக் குழாய் ஏறக்குறைய மூடியே போயிருக்கும். கொஞ்சம்தான் அடைத்திருக்கும், ஒரு வாளித் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அடைப்பது என்ன, எங்கே?

துரு. வேறெதுவும் அபூர்வம். தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து நீராவியோடு போகிறது. நீராவி குளிரும்போது அது தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, குழாயின் அடிப்பக்கத்தைக் கோடு கிழித்ததுபோல அரிக்கிறது. புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் அதை இன்னும் வேகப்படுத்தும். இப்படி உதிரும் துருவெல்லாம் வீட்டின் மிகத் தாழ்ந்த, ஓட்டம் மிக மெதுவான இடத்தில்தான் படியும். அந்த இடம் ஈர ரிட்டர்ன்.

இதில் ஒரு சுழற்சி உண்டு. அடைப்பால் தண்ணீர் தாமதிக்கிறது. ஃபீடர் புதுத் தண்ணீர் விடுகிறது. புதுத் தண்ணீர் புதுத் துருவை உண்டாக்குகிறது. அடைப்பு இன்னும் இறுகுகிறது. ஃபீடர் உள்ள வீடுகளில் அடைப்பு வெளியே தெரியாமலே வருடக்கணக்கில் வளர்வதற்கு இதுதான் காரணம். வாரம் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று காட்டும் மீட்டர் இல்லாத ஃபீடர் நோயை மறைக்கும் மருந்து மாதிரி.

அடைப்பு அதிகம் வரும் இடங்கள்: ஹார்ட்ஃபோர்டு லூப்பில் (ரிட்டர்ன் பாய்லரோடு சேருமுன் மேலேறி வரும் இணைப்பு, விவரம் பிற்பாடு) ரிட்டர்ன் வந்து சேரும் குட்டை நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள துண்டுக் குழாய்), செங்குத்துக் குழாய் தரையில் திரும்பும் எல்போ, கதவு நிலைக்குக் கீழே தரைக்குள் இறங்கி ஏறும் பகுதி, பெரிய குழாய் சிறியதோடு சேரும் இணைப்பு. தரைக்குள் புதைத்த ரிட்டர்ன் என்றால் அடைப்பும் கசிவும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடைப்பு என்று முடிவு கட்டும் முன்

இதே போன்ற தொல்லையைத் தரும் வேறு நான்கு கோளாறுகள் உண்டு. இவற்றைத் தள்ளாமல் குழாயை வெட்ட ஆரம்பிக்காதீர்கள்.

பாய்லர் தண்ணீரில் எண்ணெய் அல்லது அழுக்கு இருந்தால் லெவல் கிளாஸில் தண்ணீர் நிலையாக நிற்காமல் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் எகிறிக் குதிக்கும். அந்தத் தண்ணீர் நீராவியோடு மெயினுக்குள் தூக்கி எறியப்படுவதால் மட்டம் இறங்கும். அடைப்பில் மட்டம் குதிக்காது, சீராக இறங்கும். குதித்தால் முதலில் பாய்லரின் மேல்பரப்பு அழுக்கை வழித்தெடுங்கள்.

அழுத்தம் கட்டுமீறிப் போவது இரண்டாவது. அழுத்தக் கட்டுப்பாட்டின் அடியில் பன்றிவால் போலச் சுருண்ட சிறு குழாய் ஒன்று இருக்கும். அதுவும் இதே துருவால் அடைக்கும். அடைத்துவிட்டால் கட்டுப்பாட்டுக்கு அழுத்தமே தெரியாது. பாய்லர் குளிர்ந்திருக்கும்போது கழற்றி ஊதிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, மெயினின் வாட்டம் கெட்டிருப்பது. தாங்கி கழன்று குழாய் தொய்ந்தால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். இந்தச் சத்தம் பெரும்பாலும் பாய்லர் ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே, நீராவி குழியைத் தொட்டதும் வரும். அடைப்பின் சத்தம் தண்ணீர் சேரச் சேர, தாமதமாக வரும். நீராவியும் தண்ணீரும் ஒரே திசையில் போகும் மெயினுக்கு 20 அடிக்கு 1 அங்குலமும், எதிரெதிராகப் போவதற்கு 10 அடிக்கு 1 அங்குலமும் வாட்டம் வேண்டும்.

நான்காவது கசிவு. ஃபீடர் வால்வை மூடிவிட்டு ஒரு இரவு காத்திருங்கள். மட்டம் பழைய இடத்துக்கே வந்தால் அடைப்பு. வரவே இல்லை என்றால் தண்ணீர் தரைக்குள்ளோ, ஏர் வென்ட் வழியாகவோ, பாய்லரின் ஓட்டை வழியாகப் புகைபோக்கியிலோ போய்க்கொண்டிருக்கிறது.

சோதனைகள், எளிதிலிருந்து

*கண்ணாடியில் கோடு.* பாய்லர் குளிர்ந்து நிற்கும்போது லெவல் கிளாஸுக்குப் பின்னால் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறியுங்கள். ஃபீடரை மூடுங்கள். பாய்லரை ஓட விட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். நீராவி குழாய்களையும் ரேடியேட்டர்களையும் நிரப்பும்போது முதலில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன்பின் மட்டம் நிலைக்க வேண்டும். நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போய், பர்னர் நின்ற பிறகு ஏற மணிக்கணக்காகிறது என்றால் தடை இருக்கிறது. கண்ணாடியின் அடி விளிம்பை எட்டுமுன் கையால் நிறுத்திவிடுங்கள். சோதனை நடக்கும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

*தூர முனையில் திறப்பு.* ரிட்டர்னின் கடைசியில், பாய்லருக்கு எதிர்முனையில் தண்ணீரை வடிக்கும் ட்ரெய்ன் வால்வு இருந்தால் இதைவிட எளிய சோதனை கிடையாது. பாய்லர் குளிர்ந்து, வழக்கமான மட்டத்தில் இருக்கட்டும். அந்த வால்வை வாளிக்குள் திறந்துவிட்டு ஒருவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். குழாய் திறந்திருந்தால் மட்டம் உடனே இறங்கும், இரண்டிலிருந்து நான்கு அங்குலம் இறங்கியதும் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் ஹார்ட்ஃபோர்டு லூப் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. வாளியில் ஒரு கோப்பைத் தண்ணீர் வந்து நின்றுபோய், கண்ணாடி அசையவே இல்லை என்றால் அடைப்பு இந்த வால்வுக்கும் பாய்லருக்கும் இடையில்.

*வென்ட் துளையில் தண்ணீர்.* ட்ரெய்ன் இல்லாவிட்டால், மெயின் கடைசியிலுள்ள ஏர் வென்ட்டைக் கழற்றி அந்தத் துளையில் புனல் வைத்து மூன்று நான்கு லிட்டர் ஊற்றுங்கள். ஒன்றேகால் அங்குலக் குழாய் மீட்டருக்கு ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. ஆகவே இரண்டாவது லிட்டரிலேயே தண்ணீர் உள்ளே போக மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு மூன்று மெயின்கள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றிலும் இதைச் செய்தால் எந்தக் கிளை என்பதும் தெரிந்துவிடும்.

*இரண்டு டியூப்.* அடைப்பை எண்ணாகவே படிக்க இது வழி. கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப் போன்றதுதான், ஆனால் சூடு தாங்கும் சிலிகான் டியூப்பாக இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் மெத்தென்று இளகிக் கழன்றுவிடும். ஒன்றைப் பாய்லர் ட்ரெய்னிலும், மற்றொன்றை ரிட்டர்னின் தூர முனை ட்ரெய்னிலும் கிளிப் போட்டு மாட்டுங்கள். இரண்டையும் பாய்லர் நீர்மட்டத்துக்கு மேல் ஐந்து அடியாவது உயரும்படி கட்டி, மேல்முனையைத் திறந்தே விட்டு, வழிந்தால் வாளிக்குப் போகும்படி வளைத்துவிடுங்கள். மாட்டுமுன் இரண்டு ட்ரெய்னையும் கொஞ்சம் ஓடவிட்டுச் சேற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் டியூப்பே அடைத்துக்கொண்டு பொய் சொல்லும்.

பாய்லர் குளிர்ந்திருக்கும்போது கண்ணாடியிலும் இரண்டு டியூப்பிலும் ஒரே மட்டம். நீராவி ஏறியதும் பாய்லர் டியூப் அழுத்தத்துக்கு ஏற்ப எழும். அரை பிஎஸ்ஐயில் கண்ணாடி மட்டத்துக்கு மேலே 14 அங்குலம். அடைப்பில்லாத வீட்டில் ரிட்டர்ன் டியூப்பும் அதோடு ஒட்டியே ஏறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ரிட்டர்ன் குழாய் போடும் தடை. ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றால் விட்டுவிடலாம். ஆறு, எட்டு அங்குலம் என்று போய், நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே இருந்தால் கழுவியே ஆக வேண்டும். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பாய்லரில் இருக்கும் 0–30 பிஎஸ்ஐ கேஜின் முள் அரை பிஎஸ்ஐயில் தூங்கிக்கொண்டிருக்கும். உண்மையான அழுத்தத்தை இந்த டியூப்தான் காட்டும்.

*சூடு தடவிப் பார்த்தல்.* அடைப்பின் இடத்தைக் கண்டுபிடிக்க, பாய்லர் ஓடி முக்கால் மணி நேரம் ஆனதும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரு அடிக்கு ஒரு இடம் என்று ரிட்டர்ன் முழுக்க அளந்துகொண்டே போங்கள். தண்ணீர் ஓடும் குழாய் பாய்லரை நோக்கி மெல்ல மெல்லத்தான் ஆறும். ஓரிடத்தில் திடீரென்று அறை வெப்பத்துக்கு விழுந்தால் அங்கிருந்து தேடுங்கள். பளபளப்பான செம்புக் குழாய் தப்பான எண்ணைக் காட்டும், அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ரிட்டர்ன் சேரும் இடத்தில் ஒன்று சூடாகவும் மற்றொன்று சில்லென்றும் இருந்தால் இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

கை வைக்கும் முன்

பழைய நீராவிக் குழாய்களில் வெள்ளை அல்லது சாம்பல் நிற உறை, அட்டை மடிப்புபோல அடுக்கடுக்காகவோ சுண்ணாம்புப் பூச்சு போலவோ இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டாதீர்கள், உரிக்காதீர்கள், பெருக்காதீர்கள். ஆய்வகத்தில் சோதித்து, தேவையானால் உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றிய பிறகுதான் அந்தக் குழாயில் வேலை.

பாய்லரின் மின்சாரத்தை நிறுத்தி, யாரும் போட்டுவிடாதபடி எழுதித் தொங்கவிடுங்கள். ஃபீடர், கைத் தண்ணீர் வால்வு இரண்டையும் மூடுங்கள். குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். இரவு முழுக்க விடுவது நல்லது. இன்னொன்று: மட்டம் தெரியாத அளவுக்கு வற்றிப்போன சூடான பாய்லருக்குள் எக்காரணத்துக்கும் பச்சைத் தண்ணீர் விடக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

கழுவும் வேலை

நல்ல கழுவலுக்கு மூன்று வாய்கள் வேண்டும்: ரிட்டர்னின் தூர முனையில் ஹோஸ் மாட்ட ஒரு வாய், பாய்லர் அருகே லூப்புக்கு முன் ரிட்டர்னை மூட ஒரு வால்வு, அந்த வால்வுக்குச் சற்று முன்னால் வெளியேற்ற ஒரு வாய். பழைய வீடுகளில் பெரும்பாலும் இவை இருக்காது. இல்லாவிட்டால் இப்போதே வைத்துவிடுங்கள். அடுத்த முறை கழுவுவது அரை மணி நேர வேலையாகிவிடும்.

தேவையானவை: 24 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டு, ஊடுருவும் எண்ணெய், குழாயின் முழு விட்டத்துக்குத் திறக்கும் பால் வால்வு இரண்டு அல்லது மூன்று (முக்கால் அங்குலத்துக்குக் குறையாத வாய்), டீ, யூனியன், பித்தளைப் பிளக், டெஃப்லான் டேப்பும் பைப் பேஸ்டும், இரண்டு ஹோஸ், வாளி, ஈரம் உறிஞ்சும் வேக்குவம், அடைப்பைக் குடைய, கால் அங்குலக் கேபிள் உள்ள கையால் சுழற்றும் ஆகர். சாதாரண சின்ன ட்ரெய்ன் டேப் வேண்டாம். அதன் உள் துளை விரல் நுனி அளவுதான், முதல் துருச் செதிலே அதை அடைத்துவிடும்.

துரு பிடித்து இறுகிய யூனியனையும் பிளக்கையும் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கழலாத எல்போவோடு மல்லுக்கட்டாதீர்கள். திருகும் விசை எல்லாம் பக்கத்திலுள்ள நல்ல இணைப்புக்குப் போய் அதை உடைக்கும். பழைய வார்ப்பிரும்பு எல்போவின் பின்னால் ஒரு கனத்த சுத்தியலை அணைத்துப் பிடித்து, முன்னால் இன்னொன்றால் பட்டென்று அடித்தால் அது பிளந்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வாய்கள் தயாரானதும்:

1. பாய்லர் அருகிலுள்ள தடுப்பு வால்வை மூடுங்கள். கழுவும் சேறு பாய்லருக்குள் போகவே கூடாது.

2. வெளியேற்றும் வாயை முழுசாகத் திறந்து ஹோஸைச் சாக்கடைக்கோ வெளியிலோ விடுங்கள். இதை முதலில் திறக்காமல் தண்ணீரைத் திறந்தால் வீட்டுக் குழாயின் முழு அழுத்தமும் நூறு வயதுக் குழாய்மேல் உட்காரும். ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் கண்டிராத குழாய் அது.

3. தூர முனையில் ஹோஸை மாட்டுங்கள். குடிநீர் இணைப்பில் பின்னோட்டத் தடுப்பு இருக்கட்டும். தண்ணீரை மெல்லத் திறந்து, கசிவு இல்லை என்று பார்த்தபின் கூட்டுங்கள்.

4. முதலில் டிகாஷன் நிறத்தில் வரும். சில நிமிடத்தில் காபித்தூள் சக்கை போன்ற கறுப்புச் சேறு கட்டிக் கட்டியாக விழும். அதன் பிறகு நகத்தளவு துருச் செதில்கள். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் சேற்றின் நடுவில் ஒரு வழியை மட்டும் குடைந்துகொண்டு தெளிவாக ஓடும். வெளியேற்றும் வால்வை மூடாமல், உள்ளே விடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்திச் சட்டென்று திறந்து, பத்துப் பதினைந்து முறை உதறுங்கள். மறுபடியும் கறுப்பாக வரும்.

5. ஹோஸ்களை இடம் மாற்றி எதிர்த்திசையில் கழுவுங்கள். ஒரு பக்கம் அசையாத கட்டி மறுபக்கத்திலிருந்து தள்ளினால் புரளும். இரண்டு திசையிலும் உதறியபின்னும் தெளிவாகவே வந்தால்தான் முடிந்தது.

6. வெளியே வரும் ஓட்டத்தை அளந்து பாருங்கள். பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி? அதே ஹோஸிலிருந்து நேராக நிரப்பும்போது எத்தனை விநாடி? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் குழாய் திறந்திருக்கிறது.

அசையவே அசையாத அடைப்புக்கு ஆகர் கேபிளைப் பிளக் வழியாக விட்டுச் சுழற்றுங்கள். மறுமுனையில் வேக்குவம் இழுக்கட்டும். அமிலமும் ட்ரெய்ன் கிளீனரும் வேண்டாம். அரித்துப்போன குழாயில் துருதான் பல ஓட்டைகளை அடைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரசாயனம் முதலில் அதைத்தான் கரைக்கும். மிச்சம் பாய்லருக்குள் போனால் நுரைத்துப் பொங்கும்.

ஹார்ட்ஃபோர்டு லூப்பை மறக்காதீர்கள்

ரிட்டர்ன் முழுக்கக் கழுவியும் தொல்லை தீரவில்லை என்றால் பத்தில் பல தடவை மிச்சம் இருப்பது இங்கேதான். ரிட்டர்னில் ஓட்டை விழுந்தாலும் பாய்லர் முழுக்க வடிந்துபோகாமல் இருக்க, ஹார்ட்ஃபோர்டு ஸ்டீம் பாய்லர் இன்ஸ்பெக்‌ஷன் அண்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1919-இல் முன்வைத்த இணைப்பு இது. ரிட்டர்ன் கீழிருந்து மேலேறி, பாய்லர் நீர்மட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் கீழே, ஈக்வலைசர் குழாயில் (பாய்லரின் மேலே நீராவி வெளிவரும் குழாயைப் பாய்லரின் அடியோடு இணைத்து அழுத்தத்தைச் சமன்செய்யும் குழாய்) ஒரு குட்டை நிப்பிள் வழியாகச் சேரும். மேலேறும் குழாயில் சேறு ஏறாது, அடியில் தங்கும். நிப்பிளிலோ நீராவியும் தண்ணீரும் மோதும் இடம் என்பதால் துரு கெட்டியாகக் கட்டும். கழுவும்போது தடுப்பு வால்வுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இது தப்பிவிடுகிறது.

நிப்பிளுக்கு நேரே எல்போவுக்குப் பதில் டீயும் பிளக்கும் இருந்தால், பாய்லர் மட்டத்தை அதற்குக் கீழே வடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் ஈக்வலைசரின் சுவர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழைய ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டி வேக்குவத்தால் இழுங்கள். ஈக்வலைசரின் அடியிலும் ஒரு பிளக் இருந்தால் அதையும் திறந்து வடியுங்கள். எல்போவே இருந்தால் அதை வெட்டி டீ வைப்பதே நல்லது. இந்த நிப்பிளை நீளமாக மாற்ற வேண்டாம். நீண்டால் மட்டம் இறங்கும்போது அதற்குள்ளேயே தண்ணீர் அடி தொடங்கிவிடும்.

எப்போது மாற்றுவது

ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் குழாயின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். நல்ல குழாய் கணீர் என்னும். சேறு நிறைந்தது மந்தமாகப் பேசும். நுனியால் அழுத்தினால் குழிகிறது, திருகு மரையோரம் வெள்ளைப் பூத்திருக்கிறது, அல்லது கழுவிய மறுநாளே சொட்டுகிறது என்றால் கழுவுவதில் பணத்தைப் போடாதீர்கள். தரைக்குள் புதைந்த ரிட்டர்ன் பற்றி எங்கள் கருத்து வெளிப்படை: தொந்தரவு தொடங்கிவிட்டால் அதை அப்படியே கைவிட்டு, தரைக்கு மேலே சுவரோரமாகப் புதுக் குழாய் ஓட்டுங்கள்.

புதுக் குழாய் பழையதன் விட்டத்துக்குக் குறையக் கூடாது. கறுப்பு எஃகுக் குழாய் போதும். ஷெட்யூல் 80 என்ற தடித்த சுவருள்ள ரகம் கிடைத்தால் கூடுதல் காலம் நிற்கும். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் செம்பும் பயன்படுத்தலாம். நீராவி மெயினுக்கும், பாய்லருக்கு மேலே நீராவியைச் சேர்த்து அனுப்பும் ஹெடர் குழாய்க்கும் செம்பு ஆகாது, விரிந்து சுருங்கி இணைப்பு விட்டுவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்போவுக்குப் பதில் டீ வைத்து, வெறும் வாயைப் பித்தளைப் பிளக்கால் மூடுங்கள். வெவ்வேறு மெயின்களின் இறக்கங்களை நீர்மட்டத்துக்குக் கீழேதான் ஒன்று சேர்க்க வேண்டும். மேலே சேர்த்தால் ஒன்றின் நீராவி மற்றொன்றின் வாலுக்குள் புகும்.

இரட்டைக் குழாய் வீட்டில்

இங்கே உலர் ரிட்டர்னும் சேரும். அதன் தொல்லையில் பெரும்பங்கு துருவால் அல்ல, திறந்தபடியே பழுதாகிவிட்ட ஸ்டீம் ட்ராப்பால் (தண்ணீரை விட்டு நீராவியைத் தடுக்க வேண்டிய வால்வு). நீராவி ரிட்டர்னுக்குள் புகுந்து எதிர் அழுத்தம் கொடுத்தால், மற்ற ரேடியேட்டர்களின் தண்ணீர் இறங்காமல் நின்று அடைப்பு போலவே தெரியும். அமைப்பு நன்றாகச் சூடேறியபின் ஒவ்வொரு ட்ராப்பின் முன்னும் பின்னும் வெப்பத்தை அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு கொதித்தால் அந்த ட்ராப்பின் உட்பகுதியை மாற்றுங்கள். உலர் ரிட்டர்னில் உண்மையான அடைப்பு வருவது தொய்ந்த இடத்தில். வாட்டத்தைச் சரிசெய்யாமல் கழுவினால் மறுபடி அங்கேயே படியும்.

கழுவிய பிறகு

தடுப்பு வால்வைத் திறந்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். திறந்த நிலையிலேயே கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள் அல்லது கழற்றி அருகில் தொங்கவிடுங்கள். மூடிய வால்வோடு ஓட்டினால் நீங்களே செய்த முழு அடைப்பு அது.

வழக்கமான மட்டம்வரை தண்ணீர் விட்டதும் உடனே கொதிக்க வையுங்கள். புதுத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் வெளியேற கால் மணி நேரமாவது நீராவி ஓட வேண்டும். புதுக் குழாய் வைத்திருந்தால் மரை வெட்டிய எண்ணெய் பாய்லருக்கு வந்து சேரும், சில நாள் கழித்து மேல்பரப்பை வழித்தெடுக்க வேண்டியிருக்கும். கலங்கிய துரு குறைநீர் கட்-ஆஃபின் மிதவை அறைக்கும் போயிருக்கலாம். அதை வடித்துவிட்டு, பர்னர் ஓடும்போது ஒருமுறை வடித்து அது நிறுத்துகிறதா என்று சோதியுங்கள்.

பிறகு அந்தக் கண்ணாடிக் கோட்டுச் சோதனையை மறுபடி செய்து, இறங்கிய அளவு, திரும்பி ஏற எடுத்த நேரம், தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பாய்லர்மேல் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன் ரிட்டர்னைக் கழுவி அதே மூன்று எண்களை அடியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஏறும் நேரம் சென்ற ஆண்டைவிட இரட்டித்திருந்தால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் லூப் நிப்பிளின் பிளக்கைத் திறந்து பாருங்கள்.